ராக் அண்ட் ரோல் அங்கே நாடகமாச்சு, இங்கே ஏன் கச்சேரியாவே நின்னுடுச்சு?

(ஒலிப்பதிவின் எழுத்து வடிவம். படிக்க வசதியாக சில இடங்களில் சுருக்கியும் சீர்செய்தும் இருக்கிறோம்.)

போன எபிசோடுக்கு அப்புறம் நிறைய பேர் ஒரே மாதிரி கேள்வி கேட்டிருந்தீங்க. "வெளிநாட்டுல பழைய ராக் அண்ட் ரோல் பாட்டை வெச்சு இத்தனை மேடை மியூசிக்கல் பண்றாங்களே, நம்மகிட்ட இல்லாத பழைய பாட்டா? நாம ஏன் பண்ணலை?" நல்ல கேள்வி. இன்னைக்கு முழுக்க அதைத்தான் பேசப் போறோம்.

நம்ம சென்னையிலயும் ஒரு பிராட்வே இருக்குங்கிறதுல இருந்து ஆரம்பிக்கலாம். பாரிமுனை பக்கம் பிராட்வே பஸ் ஸ்டாண்டு உங்க எல்லாருக்கும் தெரியும். அந்தத் தெருவுக்குப் பழைய பேரு போபாம்ஸ் பிராட்வே, இப்போ பிரகாசம் சாலை. அங்கே பிராட்வேங்கிற பேர்லயே ஒரு தியேட்டர் இருந்துச்சு. 1944-ல வந்த தியாகராஜ பாகவதரோட 'ஹரிதாஸ்' மூணு தீபாவளி பார்த்த தியேட்டர் அதுதான். நியூயார்க் பிராட்வேயில ஒரே மியூசிக்கல் வருஷக்கணக்கா ஓடுற மாதிரி, நம்ம பிராட்வேயில ஒரு பாட்டுப் படம் வருஷக்கணக்கா ஓடியிருக்கு. அங்கே மேடையில ஓடினது இங்கே திரையில ஓடுச்சு. இன்னைக்கு நான் சொல்லப்போற விஷயத்துக்கு இந்த வித்தியாசம் ரொம்ப முக்கியம்.

ராக் அண்ட் ரோல்னா என்ன?

முதல்ல அந்த இசையைக் காதுக்குக் கொண்டுவந்துடலாம். ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலுன்னு எண்ணிக்கிட்டே கை தட்டுங்க. நம்ம பழக்கத்துல ஒண்ணுலதான் அழுத்தம் விழும். இப்போ ரெண்டுலயும் நாலுலயும் மட்டும் தட்டிப் பாருங்க. உடம்பு தானா ஆட ஆரம்பிக்கும். அந்த ரெண்டு, நாலு அடிதான் ராக் அண்ட் ரோலோட முதுகெலும்பு. அமெரிக்கக் கறுப்பின மக்களோட புளூஸ், ரிதம் அண்ட் புளூஸ் இசையில இருந்து பிறந்து, 1950-கள்ல ரேடியோ, ரெக்கார்டு, காசு போட்டா பாடுற ஜூக்பாக்ஸ் வழியா பரவின இசை இது. 1956-ல 'ராக் அரவுண்ட் த கிளாக்'னு ஒரு படம் வந்தப்புறம் உலகம் முழுக்கப் போச்சு.

நம்ம ஊருக்கும் வந்துச்சு. ரயில்வே காலனிகள்ல இருந்த ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் நடன நிகழ்ச்சிகள்ல இதை வாசிச்சாங்க. மேற்கத்திய வாத்தியம் பழகின ஆங்கிலோ இந்திய, கோவா கலைஞர்கள் பலர் சினிமா ரெக்கார்டிங்லயும் வாசிச்சாங்க. சாக்ஸபோன், டிரம்ஸ், எலெக்ட்ரிக் கிடார் எல்லாம் தமிழ்ப் பாட்டுக்குள்ள வந்த வழி இதுதான். 1958-ல பீம்சிங் இயக்கின 'பதிபக்தி' படத்துல சந்திரபாபு ராக் அண்ட் ரோல்ங்கிற பேரையே சொல்லிப் பாடுவாரு. இசை விஸ்வநாதன் ராமமூர்த்தி. அமெரிக்காவுல எல்விஸ் பிரெஸ்லி உச்சத்துல இருந்தப்பவே இங்கே தமிழ்ல ராக் அண்ட் ரோல் வந்துடுச்சு. 1964-ல ஸ்ரீதரோட 'காதலிக்க நேரமில்லை'. வேலை போன பையன் முதலாளி வீட்டு வாசல்ல கூடாரம் போட்டு உட்கார்ந்து பாடுற பாட்டை ஞாபகப்படுத்திக்குங்க. அந்த அடி எங்கிருந்து வந்ததுன்னு இப்போ புரியும்.

அங்கே நடந்தது

1960-ல பிராட்வேயில 'பை பை பேர்டி'ன்னு ஒரு மியூசிக்கல் வந்துச்சு. எல்விஸ் 1958-ல ராணுவத்துக்குப் போனதை வெச்சுப் பண்ணின கிண்டல். ராக் அண்ட் ரோல் அப்போ சின்னப் பசங்களோட கூத்து, பெரியவங்க அதைப் பார்த்து சிரிச்சாங்க. அதுல ஏக்கம் எதுவும் கிடையாது.

ஏக்கம் வர்றதுக்கு பன்னெண்டு வருஷம் போதும்னு காட்டினது 'கிரீஸ்'. ஜிம் ஜேக்கப்ஸ், வாரன் கேசின்னு ரெண்டு பேர் எழுதினது. 1971-ல சிகாகோவுல ஒரு சின்ன நாடக அரங்குல தொடங்குச்சு. கதை 1959-ல ஒரு ஹைஸ்கூல்ல நடக்குது. ஜேக்கப்ஸ் தான் படிச்ச சிகாகோ பள்ளிக்கூடத்தை மனசுல வெச்சுத்தான் எழுதினாரு. 1972 பிப்ரவரி 14-ஆம் தேதி நியூயார்க்குக்குப் போச்சு. 1980-ல நிறுத்தும்போது 3,388 காட்சிகள் முடிஞ்சிருந்துச்சு. அன்னைக்கு பிராட்வேயில அதுவே சாதனை.

இதுல பலர் கவனிக்காத ஒரு விஷயம் இருக்கு. 'கிரீஸ்' நாடகத்துல இருந்தது பழைய பாட்டு இல்லை, எல்லாமே புதுசா எழுதின பாட்டு. ஆனா 1950-கள்ல வந்த பாட்டு மாதிரியே இருக்கும். அந்தக் காலத்துப் பாட்டுல திரும்பத் திரும்ப வர்ற நாலு கார்டு உண்டு இல்லையா, கிடார் கத்துக்கிட்டவங்களுக்குத் தெரியும். அந்தக் கார்டுகளோட பேரையே பாடுற ஒரு பாட்டு கூட அதுல இருக்கு.

இரண்டாவது வகை, உண்மையான பழைய பாட்டையே கதைக்குள்ள வைக்கிறது. இதைத்தான் ஜூக்பாக்ஸ் மியூசிக்கல்னு சொல்றாங்க. 1989-ல லண்டன்ல வந்த 'பட்டி' நல்ல உதாரணம். பட்டி ஹாலிங்கிற பாடகர் 1959 பிப்ரவரி 3-ஆம் தேதி விமான விபத்துல இறந்துட்டாரு. வயசு 22. நாடகத்தோட கடைசிப் பகுதி, அவர் சாகறதுக்கு முந்தின ராத்திரி பண்ணின கச்சேரி. மேடையில இருக்கறவருக்குத் தெரியாது, பார்க்கிற நமக்குத் தெரியும். துள்ளலான பாட்டுதான், ஆனா ஒவ்வொண்ணும் நெஞ்சுல கனமா விழும். ரேடியோவுல கேட்டா வராத கனம் அது, கதையால வர்றது. அந்த நாடகம் லண்டன்ல 12 வருஷத்துக்கும் மேல ஓடுச்சு. அதுக்கப்புறம் 1999-ல 'மம்மா மியா', 2005-ல 'ஜெர்சி பாய்ஸ்'னு வரிசையா வந்துச்சு.

ஏன் அங்கே கதை தேவைப்பட்டுச்சு?

இப்போ நம்ம கேள்விக்கு வருவோம். எனக்குப் புரிஞ்ச பதில் இது.

அங்கே பெரும்பாலான ராக் அண்ட் ரோல் பாட்டு தனியா பிறந்துச்சு. ஒரு ரெக்கார்டு, ரெண்டரை நிமிஷம், அவ்வளவுதான். கதை கிடையாது, காட்சி கிடையாது. கேட்டவன் தன்னோட கதையை அதுல ஒட்டிக்கிட்டான். முதல் காதலோ, முதல் காரோ, கடைசி ஸ்கூல் நாளோ, அது அவன் பாடு. அப்போ பாட்டுக்குள்ள ஒரு காலி இடம் இருக்கு. பின்னாடி நாடகக்காரங்க வந்து அந்தக் காலி இடத்துல ஒரு கதையை வெச்சாங்க.

நம்ம பாட்டு கதையோடயே பிறந்துச்சு. 1964-ல வந்த ஒரு பாட்டைச் சொன்னா, படம் எது, யார் நடிச்சாங்க, என்ன சட்டை போட்டிருந்தாங்க, மரத்தைச் சுத்தினாங்களா கார்ல போனாங்களான்னு எல்லாம் நமக்கு வந்துடும். காலி இடமே இல்லை. அதனால நம்ம மேடைக்கு வேண்டியது பாட்டு மட்டும்தான். படத்தை ஜனங்க தலைக்குள்ள ஓட்டிக்குவாங்க.

இதுக்கும் பின்னாடி ஒரு கதை இருக்கு. நம்மகிட்ட மேடை மியூசிக்கல் இல்லாம இல்லை, அமோகமா இருந்துச்சு. சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) எழுதின நாடகங்கள் எல்லாம் பாட்டாலயே நகரும். எஸ்.ஜி. கிட்டப்பாவும் கே.பி. சுந்தராம்பாளும் மேடையில பாடுறதைக் கேட்கவே கூட்டம் கூடுச்சு. 1931-ல 'காளிதாஸ்' வந்து தமிழ் பேச ஆரம்பிச்சதும், நாடகக் கம்பெனியில பாடினவங்க பலர் ஸ்டூடியோவுக்குப் போயிட்டாங்க. பாகவதரே மேடையில இருந்து போனவர்தான். நம்ம மியூசிக்கல் சாகலை, சினிமாவுக்குக் குடிபோயிடுச்சு. அதுக்கப்புறம் சபா மேடையில மிஞ்சினது வசனம். சோ, கே. பாலசந்தர், பின்னால கிரேஸி மோகன்னு பெரிய ஆளுங்க வந்தாங்க. ஆனா அவங்க பலம் பேச்சு, பாட்டு இல்லை.

பாட்டு மட்டும் மேடைக்குத் திரும்பி வந்துச்சு, மெல்லிசைக் கச்சேரியா.

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி

நான் இந்தப் பக்கத்து ஆளுங்கிறதால இதைக் கொஞ்சம் விரிவா சொல்றேன். 1960-கள்ல இந்தப் பகுதிக்கு ஏராளமான இளைஞர்கள் வேலைக்கு வந்தாங்க. அம்பத்தூர்ல தொழிற்பேட்டை வந்துச்சு, பாடியில லூகாஸ் டி.வி.எஸ். வந்துச்சு, ஆவடியில டேங்க் ஃபேக்டரி வந்துச்சு. டி.ஐ. சைக்கிள்ஸ் அதுக்கு முன்னாடியே இருந்துச்சு. கிராமத்துல இருந்து வந்த இருபது வயசுப் பசங்க ஷிப்ட் முடிஞ்சு, கையில முதல் சம்பளத்தோட பார்த்த படங்களும் கேட்ட பாட்டுகளும்தான் விஸ்வநாதன் ராமமூர்த்தி பாட்டுகள். அன்னைக்கு இருபது வயசு, இப்போ எண்பது. அவங்க பசங்க இளையராஜா பாட்டோட வளர்ந்தாங்க, இப்போ ரிட்டயர் ஆகுற வயசு.

அதனாலதான் ஆடி மாசம் கூழ் ஊத்தி முடிச்சு, அம்மன் வீதியுலா போய் வந்து, கடைசி ராத்திரி மேடை போட்டா, 'பழைய பாட்டு பாடுங்க'ன்னு சீட்டு எழுதிக் குடுக்கிற கை குறையறதே இல்லை. கல்யாண மண்டபத்துலயும் அதேதான். ரிசப்ஷன்ல பொண்ணு மாப்பிள்ளைக்கு ஒரு புதுப் பாட்டு, தாத்தா பாட்டிக்கு ரெண்டு பழைய பாட்டு.

இந்த மேடையைச் சாதாரணமா நினைச்சுடாதீங்க. எஸ்.பி.பி.யோட மெல்லிசைக் குழுவுலதான் இளையராஜாவும் அவர் சகோதரர்களும் வாசிச்சாங்க. ஏ.வி. ரமணனோட 'மியூசியானோ', 'லக்ஷ்மன் ஸ்ருதி'ன்னு பேர் சொன்னா இன்னைக்கும் ஜனங்களுக்குத் தெரியும். கச்சேரி மேடை ஒரு பள்ளிக்கூடம் மாதிரி. பத்து பேர் உட்கார்ந்து, மத்தவன் வாசிக்கிறதைக் காதுல வாங்கிக்கிட்டே வாசிக்கக் கத்துக்கிற இடம்.

பிரச்சினை எங்கே?

பிரச்சினை இதுதான். ஜனங்க கேட்கிறது 'ரெக்கார்டுல இருக்கிற மாதிரியே'. பாட்டு அச்சு அசலா இருந்தாத்தான் தலைக்குள்ள படம் சரியா ஓடும். அப்போ மேடையில இருக்கிற வயலின்காரரோட வேலை என்ன? அறுபது வருஷத்துக்கு முன்னாடி ஒருத்தர் வாசிச்சதை நகல் எடுக்கிறது. நகல் எடுக்கிறதுதான் வேலைன்னா, அதை மெஷின் இன்னும் சுலபமா பண்ணிடும்.

அதுதான் நடந்துச்சு. வயலின் நாலு இருந்த இடத்துல ஒரு கீபோர்ட் வந்துச்சு. தபலா, டோலக், பேங்கோஸ், டிரம்ஸ் இருந்த இடத்துல ஒரு ரிதம் பேட் வந்துச்சு. இப்போ மைனஸ் ஒன் ட்ராக். ஒரு லேப்டாப், ரெண்டு பாடகர், ஒரு ஸ்பீக்கர் செட்டு, கச்சேரி முடிஞ்சது. எனக்குத் தெரிஞ்ச ஒரு கீபோர்ட் கலைஞர் சொன்னாரு: "அண்ணே, நான் வந்தப்போ நாலு வயலின்காரங்க வேலையை நான் எடுத்துக்கிட்டேன். இப்போ பென் டிரைவ் என் வேலையை எடுத்துக்குச்சு." சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாரு. எனக்கு சிரிப்பு வரலை.

திருவிழாக் கமிட்டியைக் குறை சொல்ல முடியாது. வசூலான காசுல பந்தல் இருக்கு, லைட் செட்டு இருக்கு, அன்னதானம் இருக்கு. பத்து பேரைக் கூப்பிடறதுக்குப் பதிலா மூணு பேர்ல முடியுதுன்னா அதைத்தான் செய்வாங்க. பழைய பாட்டு மேல இருக்கிற ஆசை கொஞ்சமும் குறையலை, அதை வாசிக்கிறவங்களோட பிழைப்புதான் குறையுது. இந்த ரெண்டும் ஒரே நேரத்துல நடக்குது, அதைத்தான் நாம யோசிக்கணும்.

'அமெரிக்காவுல மெஷின் இல்லையா?'ன்னு கேட்பீங்க. இருக்கு. 2003 மார்ச்சுல பிராட்வே இசைக்கலைஞர்கள் ஸ்ட்ரைக் பண்ணினாங்க. ஒவ்வொரு அரங்குக்கும் குறைஞ்சபட்சம் இத்தனை பேர் வாசிக்கணும்னு தொழிற்சங்க ஒப்பந்தம் உண்டு. தயாரிப்பாளர்கள் அதைக் குறைக்கணும்னாங்க, இல்லைன்னா கம்ப்யூட்டர் ஆர்க்கெஸ்ட்ராவை வெச்சு நடத்துவோம்னாங்க. நடிகர்களும் மேடைத் தொழிலாளர்களும் கலைஞர்கள் பக்கம் நின்னாங்க. 18 மியூசிக்கல் நாலு நாள் மூடிக்கிடந்துச்சு. கடைசியில பெரிய அரங்குகள்ல 24, 26 பேர்னு இருந்தது 18, 19-ன்னு ஆச்சு. குறைஞ்சதுதான், ஆனா பூஜ்யம் ஆகலை.

சங்கம் ஒரு காரணம். இன்னொரு காரணம், மியூசிக்கல்ல கதை இருக்கு. நடிகை அழுதுட்டு ஒரு மூச்சு தாமதிச்சா, வாசிக்கிறவரும் அந்த மூச்சுக்குக் காத்திருக்கணும். ஜனங்க சிரிச்சா, சிரிப்பு அடங்கற வரைக்கும் அதே அடியைச் சுத்திச் சுத்தி வாசிக்கணும். ட்ராக்குக்குக் காத்திருக்கத் தெரியாது. 'பட்டி' நாடகத்துல நடிகர்களே கிடாரும் டிரம்ஸும் வாசிக்கிறாங்க. அங்கே ட்ராக் போட்டா நாடகமே இல்லை.

நம்மால முடியுமா?

கதையோட பிறந்த பாட்டை வேற கதைக்குள்ள வைக்க முடியுமான்னு சந்தேகம் வரலாம். முடியும்னு ஏற்கெனவே ஒருத்தர் காட்டியிருக்காரு, நம்ம ஊர்க்காரர்தான். 2002-ல லண்டன்ல 'பாம்பே ட்ரீம்ஸ்'. இசை ஏ.ஆர். ரஹ்மான், தயாரிப்பு ஆண்ட்ரூ லாய்ட் வெபர். 'முதல்வன்'ல வந்த ஒரு பாட்டும், தமிழ்ல 'உயிரே'ன்னு வந்த 'தில் சே' படத்துப் பாட்டும் அதுல வேற கதைக்குள்ள உட்கார்ந்துச்சு. அந்தப் படங்களைப் பார்க்காத ஜனங்களுக்கு அது புதுப் பாட்டு. பார்த்தவங்களுக்கு அதே பாட்டு வேற அர்த்தத்தோட கேட்டுச்சு.

தமிழ்ல ஒரு 'பட்டி' பண்ணணும்னா யாரைப் பத்தி பண்ணலாம்? எனக்கு முதல்ல தோணுறது சந்திரபாபு. 1927-ல தூத்துக்குடியில பிறந்து, சின்ன வயசுல கொழும்புல கொஞ்ச காலம் இருந்து, சென்னைக்கு வந்து, தமிழ்ப் பாட்டுக்குள்ள யோடலிங் கொண்டுவந்த மனுஷன். எம்.ஜி.ஆரை வெச்சு 'மாடி வீட்டு ஏழை'ன்னு ஒரு படம் ஆரம்பிச்சாரு, நின்னுபோச்சு. 1966-ல 'தட்டுங்கள் திறக்கப்படும்'னு ஒரு படம் இயக்கினாரு. 1974-ல போயிட்டாரு, வயசு 46. அவர் பாடின சந்தோஷமான பாட்டு ஒவ்வொண்ணும், முடிவு தெரிஞ்சு கேட்டா எப்படி இருக்கும்னு யோசிச்சுப் பாருங்க.

ஆனா ஒண்ணு கவனிக்கணும். பழைய பாட்டை டிக்கெட் போட்டு நாடகத்துல வைக்கணும்னா உரிமை வாங்கணும். நம்ம காப்புரிமைச் சட்டத்துல, உண்மையான மதச் சடங்குகள்ல பாட்டு பாடுறதுக்கு விலக்கு உண்டு. கல்யாண ஊர்வலமும் கல்யாணம் சார்ந்த விழாக்களும் அதுல சேரும். டிக்கெட் நாடகம் சேராது. 2017-ல எஸ்.பி.பி.யோட வெளிநாட்டுக் கச்சேரிகளுக்கு இளையராஜா தரப்புல இருந்து நோட்டீஸ் போனது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். இசையமைப்பாளருக்கும் பாடலாசிரியருக்கும் காசு போய்ச் சேரணும், அது நியாயம்தான். ஆனா சின்னக் குழுவுக்கு அந்தச் செலவு தாங்காது.

அதனாலதான் எனக்கு 'கிரீஸ்' வழி பிடிச்சிருக்கு. பழைய பாட்டு வேண்டாம், பழைய ஓசை மட்டும் போதும். ஓசைக்கு யாரும் உரிமை கேட்க முடியாது. நல்லா இருக்கிற ஆறு புதுப் பாட்டு, அதே அக்கார்டியன், அதே பேங்கோஸ், ரெண்டுலயும் நாலுலயும் விழுற அதே அடி. கதைக்கு எங்கேயும் போக வேண்டாம். 1965, அம்பத்தூர், ஒரே ரூம்ல தங்கியிருக்கிற நாலு தொழிலாளிகள், நைட் ஷிப்ட், ஊர்ல காத்திருக்கிற ஒரு பொண்ணு. ஜேக்கப்ஸ் தன்னோட பள்ளிக்கூடத்தை எழுதினாரு, நாம நம்ம ஃபேக்டரியை எழுதலாம். அன்னைக்கு அந்த ரூம்ல இருந்தவங்க இன்னும் நம்ம தெருவுல இருக்காங்க. கேட்டா சொல்லுவாங்க. பத்து வருஷம் கழிச்சு கேட்க முடியுமான்னு தெரியாது.

புதுப் பாட்டுக்கு ரெடிமேட் ட்ராக் எங்கேயும் கிடைக்காது. வாசிக்க ஆள் கூப்பிட்டுத்தான் ஆகணும். கீபோர்ட் கலைஞர் சொன்னாரே, அந்த நாலு வயலின், அவங்களுக்கு மறுபடி வேலை வர்ற ஒரு வழி இது. ஒரே வழின்னு சொல்லலை. ஆனா திருவிழாக் கமிட்டியில இருக்கிற யாராவது இதைக் கேட்டுக்கிட்டு இருந்தா, அடுத்த ஆடிக்கு மூணு மணி நேரக் கச்சேரியில அரை மணி நேரத்தை மட்டும் இதுக்கு ஒதுக்கிப் பாருங்க. ஜனங்களுக்குப் பிடிக்கலைன்னா திரும்ப ரெக்கார்டு பாட்டுக்கே போயிடலாம், நஷ்டம் அரை மணி நேரம்தான்.

1960-கள்லயோ 70-கள்லயோ அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் வேலைக்கு வந்தவங்க உங்க வீட்டுல இருந்தா, அவங்க குரல்ல ரெண்டு நிமிஷம் பதிவு பண்ணி அனுப்புங்க. என்ன பாட்டு கேட்டாங்க, எங்கே கேட்டாங்க, கூட யார் இருந்தாங்கன்னு மட்டும் சொன்னா போதும். வர்றதை வெச்சு ஒரு எபிசோடு பண்றோம்.